சித்தி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

என் ஓர்ப்படிக்கு இங்கிலீஷ் இலக்கணம் ஒரு வரி தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சுகம் இருக்கிறது. ஓர்ப்படி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. குவைத்தில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தாள். வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. நானோ மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இங்கிலீஷ் டீச்சர். அவள் வருகிறவரை எங்கள் தெருவில் இங்கிலீஷ் என்றால் நான்தான். பேங்கிலிருந்து கடிதம் வந்தாலும் சரி, பேரனுக்கு அமெரிக்காவிலிருந்து மருந்து வந்தாலும் சரி, என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அவள் வந்த வாரமே, கொல்லையில் நின்று யாரோ பழைய சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் விரால் மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஐ வுட் ரியலி லவ் டு கம், பட் ஐ ப்ராபப்ளி கான்ட்" என்றாள். தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்றால் சொல்கிறேன். என் வகுப்பில் வுட், குட், மே, மைட் எல்லாம் ஜூன் மாதப் பாடம். ரியலி, ப்ராபப்ளி, பாஸிப்ளி வகையறா பொங்கலுக்கு அப்புறம். நடுவில் குறுவை விதைத்து அறுத்தே விடலாம். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "வரத்தான் ஆசை, ஆனால் அநேகமாக முடியாது" என்று ஆசையையும் மறுப்பையும் ஒரே மூச்சில், யார் மனதும் நோகாமல் சொல்லலாம் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே பேச வராது. தாளில் எழுதச் சொன்னால் எழுதுவேன். அவளோ கறிவேப்பிலை கிள்ளிப் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே போனாள். அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஐ வுட் ரியலி லவ் டு" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அட்டெண்டன்ஸ் எடுப்பது போல இருந்தது. வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

என் பெண் தஞ்சாவூரில் நர்ஸிங் படித்துவிட்டு அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு மனு போட்டாள். வீடியோவில் இன்டர்வியூ. நான்தான் தயார் செய்தேன். "தயங்கக் கூடாது. எதைக் கேட்டாலும் ஐ வில் டெஃபினெட்லி என்று ஆரம்பி. சந்தேகமாகப் பேசுகிறவளுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள்" என்று அடித்துச் சொன்னேன். அவளும் அப்படியே பேசினாள். மோசமான நிலையில் இருக்கும் நோயாளி, 'எனக்குச் சரியாகிவிடுமா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "யூ வில் டெஃபினெட்லி பீ ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வேலை கிடைக்கவில்லை. கொடுக்க முடியாத உறுதியை நோயாளிக்குக் கொடுக்கிறார் என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வேறு என்ன சொல்வார்கள்? ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற ஆளிடம்கூட, "ஒண்ணுமில்ல, பத்து நாள்ல எந்திரிச்சு நடப்பீங்க பாருங்க" என்றுதான் சொல்வார்கள். 'ஆகலாம், ஆகாமலும் போகலாம்' என்று வாயைத் திறந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அந்த வழக்கத்தை நான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் தோற்றது என் பெண்.

மறுநாளிலிருந்து அவள் சித்தியிடம் போக ஆரம்பித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்கட்டு அறையில் ஓர்ப்படி கட்டிலில் படுத்துக்கொண்டு நோயாளி மாதிரி முனகுவாள். என் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யூ மே வெல் ஃபீல் பெட்டர் பை டுமாரோ" என்பாள். "மெல்லச் சொல்லுடி, எனக்கு ஜுரம்" என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். என்னிடம் படித்தபோது அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை. நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த மாதம் என் பிள்ளைகள் யாருக்கும் நல்ல மார்க் விழவில்லை.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு வேறொரு மருத்துவமனை கூப்பிட்டது. நம் நேரத்துக்கு மத்தியானம் இரண்டு மணி. முந்தின நாள் பெண் சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு சித்தி பக்கத்துல இருக்கட்டும்மா. கேமராவுல தெரியாம உக்காந்துக்குவாங்க. எனக்குத் தைரியமா இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலை எனக்குத் திடீரென்று எங்கள் வெள்ளாட்டின் மேல் அன்பு பொங்கியது. ஒரு வாரமாக அது ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தது. அதுவரை நான் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"இன்னிக்கே ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். காலு வீங்குது" என்றேன்.

"நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்லயேக்கா" என்றாள் ஓர்ப்படி.

"நீதான் நர்ஸு. டாக்டர் சொல்றது உனக்குத்தான் புரியும். இவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வயலுக்குப் போயாச்சு, நாத்துப் பறிக்க ஆள் வந்திருக்கு."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு லோடு ஆட்டோவுக்குப் போன் செய்து, ஆட்டை ஏற்றி, முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். பெண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மணிக்கு லேப்டாப் முன்னால் அவளும், கேமராவில் தெரியாத நாற்காலியில் நானும் உட்கார்ந்தோம்.

அதே கேள்வி வந்தது. என் பெண் அவசரப்படவில்லை. நாளைக்கு வலி கொஞ்சம் குறையக்கூடும், எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் ராத்திரி முழுக்க நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்வேன் என்றாள். மைட், ப்ராபப்ளி எல்லாம் அதனதன் இடத்தில் மெத்தென்று விழுந்தன. திரையில் இருந்த அம்மாள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டு, இப்படிப் பேச யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

"ஃப்ரம் மை ஆன்ட்" என்றாள்.

அதோடு நிறுத்தவில்லை. தாத்தா சாகக் கிடந்தபோது எல்லோரும் வந்து பத்து நாளில் வயலுக்குப் போய்விடுவீர்கள் என்றார்களாம். தாத்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம். லீவில் வந்திருந்த சித்தி மட்டும், "நாளைக்கு மூச்சு கொஞ்சம் லேசாகலாம் மாமா. ஆகலன்னாலும் நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாளாம். தாத்தா அன்றைக்குத்தான் தூங்கினாராம். பத்து நாள் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். என் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

வேலை கிடைத்துவிடும் என்று அப்போதே தெரிந்தது. பெற்றவளுக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? வந்தது. ஆனால் தொண்டையில் முள் மாட்டிக்கொண்ட மாதிரி வந்தது.

ஐந்து மணிக்கு லோடு ஆட்டோ வாசலில் நின்றது. ஆட்டின் காலில் கட்டு, ஓர்ப்படியின் சேலை முழுக்க ஆட்டு மயிர். நான் முந்திக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"என்ன கேட்டாங்கக்கா? நல்லாப் பண்ணினாளா?"

"நல்லாப் பண்ணினா. நான் சொல்லிக்குடுத்தபடியே பேசினா."

"உன் பேர் ஒன்றும் வரவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்ல வாய்வரை வந்தது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். "பின்ன? அஸ்திவாரம் நீங்க போட்டதுதானக்கா" என்றாள். ஆட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நாளைக்கு அந்த அஸ்திவாரத்தை நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சொல்லிக்கூடக் கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திருச்சி விமான நிலையத்தில் பெண்ணை வழியனுப்பப் போனோம். ஓர்ப்படி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். பெண் என் தோளில் சாய்ந்துகொண்டு, "சித்தி இருந்ததுதாம்மா எனக்கு" என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள், "அன்னிக்கு இன்டர்வியூ முடிஞ்ச கையோட மாட்டாஸ்பத்திரியில இருந்த சித்திக்குத்தான் போன் பண்ணேன். தாத்தா கதைய சொன்னேன்னதும் அங்கயே அழுதுட்டாங்க" என்றாள்.

வாசலில் நின்று என்னைக் கேட்டபோது ஓர்ப்படிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள், தெரிந்துகொண்டேதான் சிரித்திருக்கிறாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், என் பொய்யைக்கூட இவள் என்னைவிட அழகாகக் கையாண்டிருக்கிறாளே என்ற ஆத்திரம்தான் வந்தது.

ஓர்ப்படி வந்து பாட்டிலை முதலில் என்னிடம்தான் நீட்டினாள். "குடிங்கக்கா, முகம் வாடிப்போச்சு" என்றாள். குடித்தேன். பெண் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனதும் திரும்பி நின்று கையை அசைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் அசைத்தாள். நான் ஓர்ப்படிக்கு முன்னால் ஓர் அடி நகர்ந்து, அவளை மறைத்துக்கொண்டு நின்று கையசைத்தேன்.