புகையில்லாத மில்

சிலேட்டில் எதையோ எழுதி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார் பங்காரம்மா. எதிரே நிற்கும் தரகர் ஆறுச்சாமிக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நொடி திருப்பிக் காட்டுகிறார். ஆறுச்சாமி உதட்டைப் பிதுக்குகிறார். முந்தானை நுனியால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார். இந்தத் தடவை ஆறுச்சாமி தலையை ஆட்டினால் வியாபாரம் முடிந்தது. பக்கத்துக் கடை வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு விலை என்னவென்று தெரியாது.

கோயமுத்தூரில் இப்போது மில் பங்கு விற்கிறவர்களில் பலர் நேற்றுவரை பருத்தி விற்றவர்கள். பருத்திப் பேட்டையில் அவர்கள் வாய்திறந்து விலை சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். பங்குக்கும் அதே துண்டுதான். நாற்பது வயது விதவையான பங்காரம்மா அதற்குள் கையை விட முடியுமா?

"வாயால சொன்னா ஊருக்கே தெரிஞ்சுபோகும். கையை நீட்டுனா ஊரே சிரிக்குமுங்க. சரி போ, நம்மகிட்டத்தான் சிலேட்டு இருக்குதேன்னு எடுத்தாந்துட்டேன்" என்கிறார்.

சிலேட்டு இருந்ததற்குக் காரணம் உண்டு. போன தை மாதம்வரை அவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு உபாத்தியாயினி. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுப் பங்கு வியாபாரத்தில் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் கேட்டேன்.

"பதினாலு வருசம் ஒண்ணாங் கிளாஸ்லயே உக்காந்திருந்தேனுங்க. கொழந்தைக எல்லாம் பாஸாகிப் போயிருச்சு. நாந்தான் போகல."

தாலுகா கச்சேரியில் ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்குச் சுருக்கென்றது.

வேலையை விட்டாரே தவிர, வாத்தியார்தனத்தை விடவில்லை. தோட்டமும் கிணறும் உள்ள ஆறுச்சாமி, கொஞ்சம் தாமதித்து வந்தால் போதும். "ஏனுங் ஆறுச்சாமியண்ணா, இன்னைக்கும் லேட்டுங்களா?" என்று கேட்கிற தோரணையில் அந்தப் பெரிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தெருவில் மில் பெண்கள் போனால் பங்காரம்மா முகத்தைப் பார்க்கமாட்டார், தலையைத்தான் பார்ப்பார். "தலையில பஞ்சு நெறைய இருந்தா மில்லு நல்லா ஓடுதுன்னு அர்த்தமுங்க. அறிக்கையில என்ன வேணா எழுதுவாங்க. தலை பொய் சொல்லாது."

அந்தத் தலையை நம்பியதால்தான் ஒருநாள் அவர் தலையே தப்பியது. கையில் இருந்ததையெல்லாம் மேட்டுப்பாளையம் ரோட்டில் எழும்பிய ஒரு புது மில்லின் பங்கில் போட்டிருந்தார். சித்திரை மாதம் பேட்டையில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆறுச்சாமி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"மில்லு தொறந்தாச்சுன்னு சொல்றாங்க, பொகையவே காணோமுங்க வாத்தியாரம்மா! பொகைக் கூண்டே கட்டல. காசு தீந்து போச்சாட்ட இருக்குது. வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுருங்க."

"மலையில இருந்து வர்ற பைகாரா கரண்டுல ஓடற மில்லுக்குப் பொகை எதுக்குங்க?" என்று வாய்தான் சொல்லிற்று. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். அன்றைக்கே பள்ளிக்கூடத்து ஆயா சின்னாத்தாளும் வந்து நின்றாள். "கோடை லீவு முடிஞ்சு மறுபடி வேலைக்கு வாரீங்களா, இல்ல வேற ஆளைப் போட்டறதான்னு மேனேஜர் கேட்டுட்டு வரச்சொன்னாருங்க." பங்கு போய்விட்டால் மறுபடி ஒன்றாம் வகுப்புதான், வேறு போக்கிடம் இல்லை. "நாளைக்குப் பொழுது சாய வா சின்னாத்தா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் என்னையும் என் மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போகும் பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஏறினார். மில்லுக்கு எதிரே இறங்கினோம். புகையும் இல்லை, கூண்டும் இல்லை. கட்டடம் வெகு உள்ளே தள்ளி இருந்தது. காவல்காரன் கேட்டைத் தாண்ட விடவில்லை. பங்காரம்மா குடையை ஊன்றிக்கொண்டு வெயிலில் அசையாமல் நின்றார்.

கடைசியில் கேட் திறந்தது. வேலை முடிந்த பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியுடன் வெளியே வந்தார்கள். தலையெல்லாம் ஒரே வெள்ளை.

"அம்மணி, நில்லு கண்ணு!" என்று முன்னால் வந்தவளைப் பிடித்து நிறுத்தினார் பங்காரம்மா. அவள் தலையிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்துப் பார்த்தார். "தெனமும் இப்படித்தானா?"

"தெனமுந்தானுங்க. சீவிச் சீவி மசுரே கொட்டிப் போச்சுங்க" என்று அலுத்துக்கொண்டாள் அவள்.

பங்காரம்மா ரோட்டோரத்து மைல்கல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பஞ்சுத் துணுக்கை முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். பணம் அவருடையது, ஆனால் அப்பாடா என்றிருந்தது எனக்கு.

சாயங்காலம் சொன்னபடி சின்னாத்தாள் வந்தாள். "மேனேஜருகிட்ட என்ன சொல்லட்டுங்க?"

"கையைக் குடு, பதிலைத் தாறேன்" என்றார் பங்காரம்மா.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, நுனியை அவள் கைமேல் போட்டு மூடினார். பேட்டைக்காரர்கள் செய்கிற மாதிரியே உள்ளே விரல்களைப் பிடித்து அமுக்கினார். சின்னாத்தாள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். முந்தானையை எடுத்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு பொட்டுப் பஞ்சு இருந்தது.