குடிக்காதவன் கையிலை கறுப்பு பியர்

சனத்தைக் கூட்டிக்கொண்டு நடந்து கதை சொல்லுற தொழிலிலை கால் நோகிறதைவிட மனம்தான் கூட நோகும். பஸ் ஓட்டுறவை, கடையிலை கவுண்டரிலை நிக்கிறவை, உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. லண்டனிலை ஐரிஷ் எழுத்தாளர்கள் இருந்து குடிச்சு எழுதின, சண்டை பிடிச்ச பப்புகளை ஞாயிறு பின்னேரங்களிலை சுத்திக் காட்டுறன். சனிக்கிழமை காலமை எங்கடை கோயில் மண்டபத்திலை பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிறன். முதல் வேலை சோத்துக்கு, மற்றது உயிருக்கு.

ஆள் எங்கை?

சோகோவிலை முதல் பப் வாசலிலை பச்சைக் குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். கழுத்திலை என்ர படம் போட்ட அட்டை தொங்கும். எண்டாலும் வாற சனம் என்னைத் தாண்டிப்போய், பக்கத்திலை சிகரெட் பத்திக்கொண்டு நிக்கிற, ஐரிஷ்காரன் மாதிரி இருக்கிற ஆரோ செம்பட்டைத் தலைக்காரனிட்டைத்தான் பேர் குடுக்கும். ஒருக்கா அவன் போலந்துக்காரன். பாவம், அவனும் நாலு பேரின்ர பேரைக் கேட்டு வைச்சிருந்தான்.

போன மாசம் ஒரு பொம்பிளை முக்கால் மணித்தியாலம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. தொண்டை கிழியக் கத்தி முடிச்சுத் தண்ணி குடிக்கிறன், மெல்ல என்ர தோளைத் தட்டினா. "நல்லாச் சொன்னீங்கள். ஐரிஷ் ஆள் எப்ப வருவார்?"

தோடம்பழச் சாறு

நான் மச்ச மாமிசமும் தொடமாட்டன், மதுவும் தொடமாட்டன். பப்பிலை தோடம்பழச் சாறு வாங்கி வைச்சுக்கொண்டுதான் கதை சொல்லுவன். இதாலை ஆருக்கு என்ன நட்டம்? "ஐரிஷ் இலக்கிய நடை எண்டு கூட்டிக்கொண்டு போய் ஜூஸ் குடிக்கிறார்" எண்டு இணையத்திலை ரெண்டு நட்சத்திரம் போட்டிட்டான் ஒருத்தன். தடை செய்த நாவலுகளைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவன்ர காதிலை ஏறவேயில்லை.

எங்கடை முதலாளியம்மாதான் உண்மையான ஐரிஷ்காரி. ஒரு நாவலையும் கடைசிமட்டும் வாசிச்சதில்லை எண்டு தன்ர வாயாலையே சொல்லுவா. என்னைக் கூப்பிட்டு, நுரை தள்ளுற ஒரு பெரிய கிளாஸ் அயர்லாந்துக் கறுப்பு பியரை என்ர கையிலை திணிச்சா. "நீ குடிக்க வேண்டாம். பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும்."

படம்

அண்டையிலிருந்து நாலு பப்பிலையும் கையிலை ஒரு கிளாஸ். கடைசியிலை ஆருக்கேன் குடுத்திடுவன். ஒரு வாடிக்கையாளர் நான் கிளாஸும் சிரிப்புமாய் நிக்கிறதைப் படம் எடுத்து இணையத்திலை போட்டிட்டார். எங்கடை சனத்தின்ர வாட்சப்பைக் கேக்கவோ வேணும்? அந்தப் படம் காலமை விம்பிள்டனிலை, மத்தியானம் குரோய்டனிலை, பின்னேரம் வால்தம்ஸ்டோவிலை என்ர மச்சாள் வீட்டை. "அத்தான், எவ்வளவு நாளாய்?" எண்டு அழுகிறாள்.

பிறகு கோயில் நிர்வாகத் தலைவர் போன் எடுத்தார். "குடிக்கிறேல்லை ஐயா, பிடிக்கிறது மட்டும்தான்" எண்டன். சொல்லேக்கை எனக்கே கேவலமாய்க் கிடந்தது. பதினொரு வருசமாய் நான் படிப்பிக்கிற வகுப்பு அவற்றை கையிலை எல்லோ. தலைவர் செருமினார். "மாஸ்டர், குடிக்கிற எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை. வாற நிர்வாகக் கூட்டத்திலை உங்கடை வகுப்பைப் பற்றி முடிவெடுப்பம்."

உளவு

அடுத்த ஞாயிறு குடைக்கு முன்னாலை பதினாறு பேர். கடைசியிலை மங்கி தொப்பி, மப்ளர், கறுப்புக் கண்ணாடி. அதுவும் ஜூன் மாசத்திலை! நெத்தித் திருநீறை மட்டும் அழிக்க மறந்திட்டார் எங்கடை தலைவர். என்ர முகத்தைப் பாக்காமல் கிளாஸையே பாத்துக்கொண்டு வந்தார். நான் அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாமல் எட்டப் பிடிச்சுப் பிடிச்சுக் கை விறைச்சுப் போச்சு.

ரெண்டாவது பப்பிலை, அயர்லாந்திலை தன்ர புத்தகத்தைத் தடை செய்தாப்பிறகு இஞ்சை வாடகை அறையிலை இருந்து, ஊரின்ர ஒவ்வொரு ஒழுங்கையையும் எழுதின ஒருத்தற்றை கதையைச் சொன்னன். "அப்ப அவர் கடைசிமட்டும் ஊருக்குப் போகேல்லையோ?" எண்டு தமிழிலை ஒரு குரல். "இல்லை ஐயா" எண்டன். தலைவர் தொப்பியைக் கழட்டினார். மூண்டாவது பப்பிலை முன் வரிசைக்கு வந்திட்டார், கேள்விக்கு மேலை கேள்வி.

நாலாவது பப்பிலை அந்த எழுத்தாளர் இருந்த மேல்மாடி ஜன்னலைக் காட்டவேணும், எனக்கு ஒரு கையிலை குடை, மற்றதிலை கிளாஸ். "இஞ்சை கொண்டாங்கோ மாஸ்டர்" எண்டு தலைவர் கிளாஸை வாங்கினார். ஒரு அமெரிக்கக்காரி தன்ர கிளாஸையும் தலைவற்றை மற்றக் கையிலை குடுத்திட்டு, நாலடி பின்னாலை போய்ப் படம் எடுத்தா. அடுத்தநாள் காலமை இணையத்திலை அஞ்சு நட்சத்திரத்தோடை தலைவர்: நெத்தியிலை திருநீறு, ரெண்டு கையிலும் பியர், வாய் நிறையச் சிரிப்பு. பத்து மணிக்குப் போன் அடிச்சுது. "மாஸ்டர், வகுப்பு உங்கடைதான், அதிலை கதைக்க ஒண்டுமில்லை. உந்தப் படத்தை எப்பிடி அழிக்கிறது?"

முதலாளியம்மாவிட்டை ஒரு சொல்லுச் சொன்னால் அதைத் தூக்குவிச்சிடுவா எண்டு எனக்குத் தெரியும், ஆனா நிர்வாகக் கூட்டம் முடியும்வரைக்கும் அது அங்கையே கிடக்கட்டும்.