ரோலிக்கு எத்தனை அம்மா

ரோலி எங்கள் விடுதிக்கு வந்த அன்று நான் கங்காரு வால் குழம்பு வைத்திருந்தேன். மூன்று தட்டு தின்றுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி அத்தை" என்றான். ஜெயிலுக்குப் போகிறாயா, குடியை விடுகிறாயா என்று கோர்ட்டு கேட்டு அனுப்பிவைத்த ஆளுக்கு வாய்க்கொழுப்பைப் பாருங்கள். "அடுத்த வேளைக்கு நீயே வந்து போடு" என்று கரண்டியைக் காட்டினேன். நிஜமாகவே வந்துவிட்டான். அதற்கப்புறம் அடுக்களையில் வெங்காயம் உரிக்கிற வேலையெல்லாம் அவனுக்குத்தான்.

நான் தெல்மா. ஆற்றோரம் பழைய ஆட்டுப் பண்ணையில் நடக்கிற இந்தக் குடிமீட்பு விடுதிக்குச் சமையல்காரி. இங்கே தங்குவதெல்லாம் எங்கள் பூர்வகுடி ஆண்கள்தான். புதிதாக வருகிறவனிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்கம்மா எந்த ஊர்க்காரி?" பதில் வந்ததும் அவன் எனக்குத் தம்பியா, மருமகனா, பேரனா என்று தெரிந்துவிடும். அப்புறம் உரிமையோடு திட்டலாம். ரோலி மருமகன் முறை.

நாற்பது வயசு. ஆட்டு ரோமம் கத்தரிப்பதில் அந்த வட்டாரத்திலேயே சூரன். ஆனால் கூலி வாங்கிய சாயந்திரம் மதுக்கடைக்குள் நுழைந்தால், யாராவது தூக்கிக்கொண்டு வரவேண்டும். போன வருஷம் பெற்றவள் சாவுக்கும் அப்படித்தான் போயிருக்கிறான். குழிப் பக்கத்தில் தடுமாறி விழுந்து, அடக்கம் முடியும்வரை அவனைக் காருக்குள் போட்டுப் பூட்டிவைத்தார்களாம். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிறவன், அதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். பாவமாக இருக்கும் எனக்கு.

இங்கே வந்து நாலைந்து மாதம் நல்லபடியாகப் போனது. அப்போதுதான் அவனுடைய பெரியம்மா இறந்துபோன சேதி வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். செத்தவர் பெயரை எங்களில் சட்டென்று வாயில் எடுப்பதில்லை. சின்ன வயசிலிருந்து அவனை வளர்த்தவள் அவள். அடுக்களையில் நின்றே ரோலி அதிகாரிக்குப் போன் போட்டான். கோர்ட்டு அவனைக் கண்காணிக்க வைத்திருக்கிற வெள்ளைக்காரப் பெண். சின்னப் பெண், கெட்டவள் இல்லை. ஆனால் அவள் அனுமதி இல்லாமல் கேட்டைத் தாண்டினால் நேரே ஜெயில்தான்.

"எங்கம்மா செத்துட்டாங்க மிஸ். வெள்ளிக்கிழமை அடக்கம். நான் போகணும்."

"ரோலண்ட், உங்கம்மா போன வருஷமே இறந்துட்டாங்களே. இப்படிப் பொய் சொன்னா நான் உங்கள எப்படி நம்புறது?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குடிக்காக எத்தனையோ பொய் சொன்னவன் அவன். அத்தனையையும் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன அன்றைக்குப் பொய்யன் ஆகிவிட்டான். அறைக்குப் போய்ப் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"நடந்தே போறேன் அத்தை. ஜெயில்ல போட்டா போடட்டும். எங்கம்மாவ நான் இல்லாமயா மண்ணுக்குள்ள வைக்கிறது?"

"வழியில மதுக்கடை இருக்கு."

"தெரியும். இன்னிக்கு அதத் தாண்டிப் போவேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைப் பிடுங்கி இறைச்சி வைக்கிற பெரிய குளிர்பெட்டிக்குள் போட்டு மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என்னை நகர்த்த ரெண்டு ஆள் வேண்டும், அது அவனுக்கும் தெரியும். உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"சமையக்காரி தெல்மா பேசறேன். போன வைக்காத கண்ணு, ஒரு நிமிஷம் காதுல போட்டுக்க." ஸ்பீக்கரைப் போட்டேன். டீ குடிக்க வந்திருந்த பயல்கள் பக்கம் திரும்பி, "டேய் டெக்ஸ், உனக்கு எத்தனை அம்மா?" என்றேன்.

"நாலு," என்றான் டெக்ஸ், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே. "அதுல ரெண்டு பேருக்கு என்னக் கண்டாலே ஆகாது."

"எனக்கு ஆறு," என்றான் பக்கத்தில் இருந்தவன். "ஒருத்தி என்னவிடச் சின்னவ. அவளும் அதட்டுறா."

"எனக்கு மூணு. அதுல யாரு அடி பலமா விழும்னு சொல்லட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரோலி மட்டும் கதவில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேட்டியா கண்ணு?" என்றேன். "அம்மாவோட அக்கா தங்கச்சி எல்லாம் எங்களுக்கு அம்மாதான். பெத்தவ போன வருஷம் போனா. வளத்தவ இப்பப் போயிட்டா. அவன் பொய் சொல்லல."

அந்தப் பெண் பெருமூச்சு விடுவது கேட்டது. "ரோலண்ட் அங்க இருக்காரா? மன்னிச்சிடுங்க ரோலண்ட். வெள்ளிக்கிழமை போயிட்டு வாங்க. இருட்டறதுக்குள்ள திரும்பிடணும். தெல்மாவும் உங்ககூட வரணும்."

"நான் என்ன குத்தம் பண்ணேன், எனக்கு எதுக்குத் தண்டனை?" என்றேன். அப்போதுதான் ரோலி லேசாகச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை இடுகாடு நிறைய ஜனம். போனவளுக்குப் பிடித்த கால்பந்து அணியின் நிறத்திலேயே எல்லாரும் சட்டை போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு மச்சான் வண்டிக்குப் பின்னால் ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்து, "வாடா ரோலி, அம்மாவுக்காக ஒண்ணு" என்று பீர் டின்னை நீட்டினான். துக்கத்தில் சொந்தக்காரன் நீட்டுகிற கையைத் தட்டிவிடுவது எங்களில் லேசான காரியமில்லை. ரோலி வாங்கிக்கொண்டான். வாங்கினவன் அதை அப்படியே பக்கத்தில் நின்ற இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே நடந்தான்.

குழிக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் வால்மா உட்கார்ந்திருந்தாள். பெற்றவள், வளர்த்தவள், இவள் என்று மூன்று சகோதரிகளில் கடைசி, அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே அம்மா. போன சாவில் அவனைக் காரில் போட்டுப் பூட்டச் சொன்னதே அவள்தான். அதற்கப்புறம் அவனோடு பேசவே இல்லை. அவள் எதிரில் போய் நின்றான். கிட்டே வா என்று விரலை ஆட்டினாள். குனிந்தான். இரண்டு காதையும் பிடித்து முகத்தை இழுத்து, அத்தனை பேர் பார்க்க அவன் வாயை மோந்து பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவையும் மோந்தாள்.

"டீ வாசனைதான் வருது," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்தவனைப் பார்த்து, "எந்திரிடா, என் மகன் உக்காரணும்" என்றாள்.