மேல் கம்பி

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் முதல் மாடியை அளந்து பிளான் போட்டுத் தரக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகத் தையல் மெஷின்கள் வருகின்றன, எதை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பெயிண்ட் மாறியிருந்தது, முன்னால் தகர ஷெட் இறக்கியிருந்தார்கள். ஆனாலும் தெரிந்துவிட்டது. டிப்ளமோ முடித்த கையோடு ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து, நான் முதன்முதலில் நின்று கட்டின கட்டிடம் அது.

கம்பெனியை நடத்துகிறவர் ஐம்பது வயதுள்ள ஒரு பாய். கட்டிடம் வாடகைக்கு எடுத்தது. அவரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். பாதி அளந்திருப்போம், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தையல் பகுதியிலிருந்து பெண்கள் டிபன் பாக்ஸோடு எழுந்து பின்கதவைத் திறந்து வெளியே போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே ஒரு பால்கனி. சுவரிலிருந்து ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலாப், கீழே தூண் கிடையாது. வெளி ஓரத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, என் தோள் உயரத்துக்குத் துணி ரோல்களை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ரோல்களில் சாய்ந்தபடி பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். பதினோரு பேர்.

வாசல்படியை ஒட்டி, சிலாப் சுவரோடு சேர்கிற இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு விரிசல். யாரோ வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்த இடமே மறுபடி பிளந்திருந்தது. டேப்பின் நுனியை விட்டுப் பார்த்தேன், இறங்கியது.

"அதுங்களா, போன வருசமே பூசுனோங்க," என்றார் பாய். "மறுக்கா உட்டுப்போச்சு. ஆனா அடியில பாருங்க, ஒரு கீறல் இருக்காது."

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் கூடியது.

இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் சிலாப் நடுவில் தொய்யும். அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அதனால் கம்பியை அடியில் போடுவோம். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பால்கனியில் எல்லாம் தலைகீழ். நுனி கீழே தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைக் கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்க வேண்டும். கம்பி மேலே இருந்தால்தான் தாங்கும். கீழே இறங்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

இந்தச் சிலாப்பில் கம்பி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கான்கிரீட் போட்ட அன்றைக்குக் காலையில் நான்தான் சரிபார்த்தேன். மேல் கம்பிகளைத் தூக்கி நிறுத்த, கம்பியையே முக்காலி மாதிரி வளைத்து அடியில் வைத்திருந்தார்கள். சரியாகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் மேகம் கட்டியது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். கான்கிரீட் சட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பி மேலேயே மிதித்து நடந்தார்கள். முக்காலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, கம்பிகள் கீழே உட்கார்ந்தன. நான் மேஸ்திரியிடம் சொன்னேன்.

"தூக்கி உட்டர்றனுங்க, நீங்க நிழல்ல நில்லுங்க கண்ணு," என்றார். அப்பா வயசு அவருக்கு. தூக்கிவிடவில்லை. நானும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எல்லார் முன்னாலும் வேலையை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. கான்கிரீட் மூடியது. மறுநாள் எல்லாம் சரி என்று சைட் நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இதையெல்லாம் பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "வெயிட்டைக் கொஞ்சம் குறைங்க பாய், விரிசல் ஜாஸ்தியாகும்," என்று மட்டும் சொன்னேன். ஷிப்மெண்ட் முடியட்டும், பார்க்கலாம் என்றார். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "ஏனுங்க மேடம், உள்ள வேகுதுங்க. இங்கதானுங்க காத்து வரும்," என்றாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அந்தப் பதினோரு பேரும் கண் முன்னாலேயே இருந்தார்கள். மறுநாள் காலை கம்பெனி திறந்ததும் போய் நின்றேன்.

"பாய், இந்தக் கட்டிடத்துல இன்ஜினியரா நின்னது நான்தான். அந்தப் பால்கனியில கம்பி இறங்கிப் போச்சு. அன்னைக்கே பார்த்தேன், பேசாம இருந்துட்டேன். அது விழும். சொல்லிட்டு விழாது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போனார். பின்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். கீழே வந்து தன் வேனை எடுத்து, பால்கனிக்கு அடியில் போகும் சந்தை மறித்துக் குறுக்கே நிறுத்தினார். மறுபக்கம் கயிறு கட்டினார். அப்புறம்தான் பேசினார். "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

கட்டிட ஓனர் போனில் என்னிடம் கத்தினார். "இத்தன வருசமா நின்னுட்டுத்தானுங்க இருக்குது? நீங்களே கட்டிப்போட்டு நீங்களே வந்து பீதியக் கெளப்புனா எப்படிங்க?" கடைசியில் முட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். சென்ட்ரிங் வேலைக்காரர் முட்டுக்கு வைக்கிற இரும்பு ஜாக்கிகளை வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். அதுவரை சிலாப் மேல் யாரும் ஏறக்கூடாது என்பதால் ரோல்களையும் எடுக்க முடியவில்லை.

புதன் சாயங்காலம் மழை பெய்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருக்க வேண்டும். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்தால் எவ்வளவு கனக்கும் என்று திருப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பாய் போன் செய்தார். "வுழுந்துருச்சும்மா. ஆளுக்கு ஒண்ணுமில்ல." நான் போனபோது சந்து முழுக்க ஈரத் துணியும் கான்கிரீட்டும் கிடந்தன. பால்கனி வாசல்படி ஓரமாகக் கத்தியால் அறுத்த மாதிரி ஒடிந்திருந்தது. சுவரிலிருந்து கம்பிகள் கீழே வளைந்து தொங்கின. சிலாப்பின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் எல்லாமே வரிசையாக இருந்தன, அன்றைக்கு மிதிபட்டுக் கிடந்த மாதிரியே. இடிபாடுக்கு அடியில் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பார் தெரிந்தது. கயிற்றைத் தூக்கிவிட்டு வழக்கமான இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறாள், காற்றுக்காக வெளியே உட்காருவதாகச் சொன்ன அந்த அக்கா. அவள் படியேறி, வருகைக்குப் பஞ்ச் வைத்துவிட்டு மெஷினில் உட்காரும்போது சத்தம் கேட்டிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்து நிமிசங்க மேடம், பத்தே நிமிசம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் யார் என்று பாய் அவளிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டாள்.

அதே மேஸ்திரியோடு நான் பால்கனி போட்ட கட்டிடங்கள் இன்னும் ஆறு. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறில் நாலைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்றில் சிலாப்பை மேலே கொஞ்சம் உடைத்துப் பார்த்தார்கள். இரண்டில் கம்பி சரியாக இருந்தது, ஒன்றில் இறங்கியிருந்தது, அதற்குத் தூண் கொடுத்தார்கள்.

நாலாவது, பல்லடத்தில் ஒரு வீடு. மாடி பால்கனியில் தண்ணீர் டேங்க் வைத்திருந்தார்கள். கேட்டுக்கு உள்ளேயே நின்று அந்த வீட்டம்மா சொன்னார்: "எங்க ஊட்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்குதுங்க." மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை கேட் திறக்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு நகராட்சி ஆபீஸில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். பால்கனியில் டேங்க் அப்படியே இருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொன்றும் வைத்திருந்தார்கள்.