நான் தேய்த்த கை

அன்று இருந்தவர்கள்: சுவருக்கு யோசனை சொன்ன ஓவியக்காரம்மா. கொத்தனார் நான். எனக்குக் கலவை எடுத்துத் தரும் சித்தாள். இலங்கைப் போரில் தப்பி வந்து, இன்னும் அகதி முகாமில் இருக்கும் பெண்கள். அதில் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல். இருவர் அக்கா தங்கை. நாலு பேர் பிரியாமல் ஒன்றாகவே நின்றார்கள். கடைசியில் ஒருவர், பச்சைச் சேலை, தனியாக. ஆக முகாமிலிருந்து ஒன்பது பெண்கள்.

மேலகரத்தில் ஒரு பெண்கள் விடுதியின் வெளிச்சுவர் அது. குற்றாலம் பஸ்ஸெல்லாம் அதை ஒட்டித்தான் போகும். போரில் படைக்காரர்கள் அந்தப் பெண்களின் உடம்புக்குச் செய்ததை எங்கேயும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், ஈரப் பூச்சில் கையை மட்டும் பதிக்கட்டும் என்றார் ஓவியக்காரம்மா. நான் ஆறாவது வரை படித்தவன். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. நைசாகப் பூசிக் கொடுத்தேன்.

முதலில் யாரும் கிட்டே வரவில்லை.

"இருவது வருசமா நானும் செவத்துல கை வைக்கேன். ஒருத்தரும் எனக்கு வேன் அனுப்பலியே அண்ணாச்சி" என்றாள் சித்தாள்.

ஊன்றுகோல்காரர் சிரித்துவிட்டார். அவர்தான் முதலில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

பச்சைச் சேலைக்காரர் மட்டும் வரவில்லை. மகளுக்குத் தெரியாது, கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், அவசரப்படுத்த வேண்டாம் என்றார் ஓவியக்காரம்மா. அதற்குள் சாரல் பிடித்தது. தார்ப்பாய் கட்ட ஏணியில் ஏறினேன். பெண்களைக் கூட்டி வந்த வேன் ஹாரன் அடித்தது. கீழே யார் வந்தார், யார் போனார் என்று நான் பார்க்கவில்லை.

வேன் போனதும் இறங்கிப் பூச்சைப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். இந்தப் பக்கம் ஆனி ஆடியில் பூசுகிறவனுக்குத் தெரியும், சாரல் பட்டால் குழி விழும், இறுகுவதற்குள் தேய்த்துவிட வேண்டும். தேய்ப்புக் கட்டையை எடுத்து இரண்டு சுற்றுத் தேய்த்தேன்.

கலவைச் சட்டியோடு வந்த சித்தாள் அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி, என்ன செஞ்சிய? அது அந்தப் பச்சச் சேலக்கா வச்ச கைல்லா!"

"சாரல் குழில்லா கெடந்துச்சு."

"குழியாம் குழி. பயந்து பயந்து விரல் நுனிய மட்டும் வச்சிட்டுப் போனா. விரலு எது மழ எதுன்னு தெரியாத கொத்தனாரு!"

கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன். ஓரத்தைக் கொத்திவிட்டுப் புதுசாகப் பூசலாம், அவர் இன்னொரு தடவை வருவாரா கேட்டு வாருங்கள் என்றார் ஓவியக்காரம்மா. மறுநாள் இரண்டு பஸ் மாறி முகாமுக்குப் போனேன்.

அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"ஆரம்மா அது?" என்று மகள் உள்ளிருந்து கேட்டாள்.

"ஒரு கொத்தனார். சித்தாள் வேலைக்கு ஆள் தேடுறாராம்."

"உங்கட முதுகு நோவுக்குச் சித்தாள் வேலையோ!" மகள் சிரித்தாள்.

அவர் தெருவுக்கு வந்து குரலைக் குறைத்தார். "அண்ணை, என்ர கை நிக்குதோ?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார். "இனி அங்க வர ஏலாது. ஒருக்கா வச்சதுக்கே இரவு முழுக்க நித்திரை இல்லை. என்ர பிள்ளை ஒரு நாளைக்கு அந்த வழியால பஸ்ஸில போவாள். ஆரின்ர கை எண்டு தெரியாமலே பார்ப்பாள். அது போதும் எனக்கு."

"ஒங்க கை நிக்கி" என்றேன்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். ஓவியக்காரம்மா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கைய வச்சிருதேன் அண்ணாச்சி. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் சித்தாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

வேண்டாம் என்றேன். அது அவளுடைய கை. அந்தம்மாவுடையது இல்லை.

பூச்சு இறுக ஏழு நாள் சுவரை நனைத்தேன். திறப்பன்று வந்த ஒருவர் அந்தக் கீழ் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பூச்சு சுத்தமாக இருக்கிறது என்றார்.

குற்றாலத்துக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில்தான் உட்காருகிறேன். சுவர் வந்ததும் எண்ணுவேன்.

எட்டு.