கேமராவைக் காதில் வைப்பவர்

பழைய சாமான் கடைக்குள் நுழைந்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். ஜாடி இல்லாத மிக்ஸிகளையும் கைப்பிடி உடைந்த குக்கர்களையும் தாண்டி நேராகக் கடைசி மூலைக்குப் போவார். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். உயிர்போன ரிமோட்டுகள், எதற்கென்று யாருக்கும் தெரியாத சார்ஜர்கள், நின்றுபோன கைக்கடிகாரங்கள், இவற்றுக்கு நடுவே வார் சிக்கிக் கிடக்கும் கேமராக்கள். முட்டி சொடக்குவிடக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். லென்ஸில் ஊத மாட்டார், விலை கேட்க மாட்டார், எந்தக் கம்பெனி என்றுகூடப் பார்க்க மாட்டார். கேமராவின் இடது தோளில் இருக்கிற சின்னக் குமிழை இரண்டு விரலால் பிடித்து, காதோரம் வைத்துக்கொண்டு, மெல்லத் திருகுவார்.

குமிழ் சும்மா கிறுகிறுவென்று சுற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. எங்கோ பிடித்து இழுத்தாற்போல் நின்றால் உள்ளே பிலிம் இருக்கிறது. யாரோ பாதி எடுத்துவிட்டு மறந்துபோன பிலிம். அந்த இழுப்பு காதுக்குத் தெரியுமா, விரலுக்குத்தானே தெரியும் என்று கேட்டால், "ரெண்டுக்கும் தெரியும்" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

இந்தப் பழக்கத்தைப் பார்த்து கடைக்காரர்கள் அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டாக்டர் வந்துட்டாரு, நாடி பிடிச்சுப் பார்க்கட்டும். வழிய விடுங்கப்பா" என்பார் சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் பெரியவர். டாக்டருக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. அவருடைய உத்தியோகம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரைப் படிப்பது. சுவரோரக் குழியின் மூடியைத் தூக்கி, கரப்பான்பூச்சியை விரட்டி, மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படிக்க வேண்டும். கெண்டைக்காலில் நாய் கடித்த தழும்பு இருக்கிறது. வருஷக்கணக்கில் குனிந்து குனிந்து, நிமிர்ந்து நிற்கும்போதும் எதையோ தேடுகிறவர் மாதிரியே இருப்பார். தேடுகிறவர்தான்.

அலுவலகத்தில் மற்றவர்கள் தூரத்துத் தெருக்களைக் கண்டால் காய்ச்சல் என்று லீவு போடுவார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொள்வார். எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கே ஒரு பழைய சாமான் கடை இருக்கும் என்பது அவர் கணக்கு. மறை கழன்ற கேஸ் என்று அவர்கள் தீர்ப்பு எழுதி எத்தனையோ காலமாகிறது. அதனால் அவருக்கு ஒரு நன்மை, யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் பழைய கேமராவுக்கு அலைகிற இளைஞர்கள் நிறையப் பேர். அழகாகத் தாடி வைத்துக்கொண்டு வந்து, லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சை பார்த்து, பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று நோண்டி, பேரம் பேசி வாங்கிப் போவார்கள். அவர்களில் ஒருவன் ஒருநாள், "சார், நீங்களும் பழைய கேமரா கலெக்ட் பண்றவரா?" என்று கேட்டுவிட்டான். டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "இல்ல தம்பி. என்னோடது ஒண்ணு தொலைஞ்சு போச்சு" என்றார்.

அந்த ஒன்றுக்கு அடையாளம் உண்டு. படம் எடுக்க அழுத்துகிற பட்டனில் சிவப்பு நகப்பூச்சு தடவியிருக்கும். தடவியது அவர் மகள். அப்பா எப்போதும் தப்பான இடத்தில் அழுத்திவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று விழிப்பதைப் பார்த்து, "இதாம்ப்பா பட்டன், மறக்கக் கூடாது" என்று அம்மாவின் நகப்பூச்சை எடுத்து அப்பியிருந்தாள். அப்போது அவள் தலையில் முடி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து, கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அப்படிச் சொல்லி அனுப்புவதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேமரா வாங்கினார்.

அதற்கு முன்னால் அந்த வீட்டில் கேமரா கிடையாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது; அதில் எல்லாக் குழந்தைகளையும் மாதிரி ஒரு குழந்தை. பள்ளிக்கூட அடையாள அட்டையில் ஒரு படம் இருக்கிறது. அதில் கண்ணை மூடிவிட்டாள். அவள் முகம் முகமாக இருந்தது அந்த ஒரு பிலிம் சுருளில்தான். அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்று, பக்கத்து வீட்டுப் பூனையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று, நாக்கைத் துருத்திக்கொண்டு ஒன்று. கடைசிப் படம் அம்மாவோடு. "தலைகூட வாரலங்க, என்னைப் போயி எடுத்துக்கிட்டு" என்று நழுவப் பார்த்தவளைப் பிடித்து இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றாள் மகள்.

சுருளில் இன்னும் நாலைந்து படம் பாக்கி இருந்தது. முடியட்டும், மொத்தமாகக் கழுவக் கொடுக்கலாம் என்று வைத்தார். பிலிமை வீணாக்கக் கூடாது என்ற சிக்கனம். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; அந்த நாலைந்து படத்தை எடுக்க அவள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அவர் கேமராவைத் தொடவில்லை. அது மகளின் புத்தகப் பையிலேயே கிடந்தது. மனைவியால் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் படுக்க முடியவில்லை. ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது பழைய சாமான் வண்டி தெருவில் வந்தது. துணி, செருப்பு, மருந்து பாட்டில், புத்தகப் பை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அடைத்துக் கொடுத்துவிட்டாள். பைக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சாயங்காலம் வந்து, காலியான மூலையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"அவ முகத்தையே எடைக்குப் போட்டுட்டியேடி."

கொட்டிய பாலை அள்ளினாலும் அள்ளலாம், கொட்டிய சொல்லை அள்ள முடியாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு என்றால் கேஸ் தீர்ந்துபோச்சு, பல்பு மாத்தணும், பால் பொங்குது. அவள் ரெடிமேட் துணிகளுக்குப் பட்டன் வைக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவர் கடை கடையாக ஏறத் தொடங்கினார். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டதில்லை. எங்கே போகிறேன் என்று அவர் சொன்னதில்லை.

தேடலில் அவர் கைக்கு வேறு வீட்டுப் பிலிம்கள் நிறையக் கிடைத்தன. பிலிம் இருக்கிற கேமராவை அவர் கடையில் விட்டுவிட்டு வருவதில்லை. வாங்கி, இன்னமும் பிலிம் கழுவுகிற ஒரே ஸ்டூடியோக்காரரிடம் கொடுப்பார். யாரோ ஒரு மணப்பெண், யாரோ ஒரு மோட்டார் சைக்கிள், கடற்கரையில் கண் கூசும் கிழவர். படங்களைக் கொண்டுபோய் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுவார். "யாராச்சும் தேடிக்கிட்டு வந்தா கொடுங்க" என்பார். "டாக்டர், இதையெல்லாம் யாரு தேடுறா?" என்று பெரியவர் சிரிப்பார். டாக்டர் தொட்டியிலிருந்து அடுத்த கேமராவை எடுப்பார்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதைச் சந்தைக்காரர்கள் ஒரே ஒருமுறை பார்த்தார்கள். பெரியவரின் மருமகன் புதிதாகக் கடையில் உட்கார்ந்திருந்தான். வியாபாரம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, ஒரு கேமராவை எடுத்து, "உள்ளயும் பாருங்க சார், புத்தம் புதுசு" என்று பின்மூடியைப் படக்கென்று திறந்துவிட்டான். உள்ளே பிலிம் இருந்தது. "மூடு! மூடுய்யா!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருடைய கேமராகூட இல்லை அது. கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். அப்புறம் தணிந்த குரலில் அந்த மருமகனுக்குச் சொன்னார்.

"பிலிம் ஒரே ஒரு தடவைதான் வெளிச்சத்தைப் பார்க்கணும்யா. படம் எடுக்கும்போது, கண் சிமிட்டுற நேரம். கழுவுறதுக்கு முன்னாடி திறந்தா படமெல்லாம் வெள்ளையா ஆயிடும், அவ்வளவுதான். அதுலயும் கடைசியா எடுத்த படம்தான் மேல் சுத்துல இருக்கும். வெளிச்சம் முதல்ல தின்னுறது அதைத்தான்."

மறுநாளே கறுப்பு டேப் சுருள்கள் வாங்கி வந்து எல்லாக் கடைகளுக்கும் கொடுத்தார். கேமரா வந்தால் முதல் வேலையாகப் பின்மூடிமேல் டேப் ஒட்டிவிட வேண்டும், திறந்து பார்க்கவே கூடாது. கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒட்டினார்கள். இன்று அந்த ஊரில் பழைய சாமான் விற்கிற ஒருவரும் கேமராவின் பின்மூடியைத் திறக்க மாட்டார். ஏனென்று கேட்டால், "டாக்டர் உத்தரவு" என்பார்கள்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெளியே போயிருந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. புடவைத் தலைப்புக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தாள்.

"என்னங்க."

கேஸும் பல்பும் இல்லாத குரல். அவர் தலையைத் தூக்கினார்.

"இங்க பாருங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட பாத்திரக்கடை ஒண்ணு இருக்கு. ஓட்டைப் பாத்திரத்தோட இதையும் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருந்தான். சிவப்பா ஒரு பொட்டு தெரிஞ்சுது. எனக்குக் காலே ஓடல."

தலைப்பை விலக்கினாள். அவளும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டன் வைத்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொரு மாலையும், அவர் போகாத கடைகளில், அவருக்குத் தெரியாமல்.

கேமராவைக் கையில் வாங்கினார். நகப்பூச்சு பாதி உதிர்ந்திருந்தது, மீதி இருந்தது. அதன்மேல் விரல் வைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இடது தோளின் குமிழைப் பிடித்து, காதோரம் கொண்டுபோய்த் திருகினார். பிடித்து இழுத்தது. இன்னொரு முறை திருகினார். பிடித்து இழுத்தது. கண்ணில் நீர் முட்டி, எதிரே நின்றவள் கலங்கலாகத் தெரிந்தாள்.

"இருக்கு" என்றார்.

"இருக்குதான். பார்க்காமலா வாங்குவேன்?" என்றாள் அவள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எத்தனை காலமாகியிருந்தது. "ஏமாந்துறக் கூடாதுன்னு வாசல்ல வெயில்ல கொண்டுபோய் வெச்சுப் பின்னாடி மூடியைத் திறந்து பார்த்தேங்க. சுருள் அப்படியே பத்திரமா இருக்கு. விரலால தொட்டுக்கூடப் பார்த்துட்டேன்."

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துப் போயிற்று. அவர் கேமராவைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஊரிலுள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தவர், டேப் வாங்கிக் கொடுத்தவர். சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். அவளிடம் அவர் எதையுமே சொல்லாமல் விட்டிருந்தார்.

"எப்பங்க கழுவித் தருவாங்க? கடைசிப் படத்துல நானும் இருக்கேன்ல? தலைவாராம நின்னேனே." கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக அடங்கியது. "ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

அவருடைய வாய் திறந்தது. அன்றைக்குச் சொன்ன வாக்கியத்துக்குப் பிறகு, அதைவிடக் கொடிய ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. உண்மையும்கூட. அவள் தாலிச்சரடைப் பிடித்துக்கொண்டு, அடி வாங்கப் போகிறவள் மாதிரி தோளைக் குறுக்கி நின்றாள்.

"இல்ல" என்றார். "நல்ல காரியம் பண்ணின. திறந்து பார்க்காம யாராச்சும் வாங்குவாங்களா?"

"நிசமாவா?"

"நிசமாத்தான். பழைய பிலிமு. கழுவ ரொம்ப நாளாகும். ஸ்டூடியோக்காரரும் படம் வந்தா வரும், வராட்டி இல்லம்பாரு. காலம் ஆயிப்போச்சில்ல, அது யாரு தப்பும் இல்ல."

அவள் தலையாட்டினாள். அவர் எழுந்து ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். திரையையும் இழுத்துவிட்டார். "அந்தத் தடிச்ச துண்டை எடு. இனிமே இது மேல வெளிச்சம் படக் கூடாது" என்றார். அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். வாசல் கதவின் இடுக்கு வழியாக இன்னும் ஒரு கோடு வெயில் தரையில் விழுந்திருந்தது; அதைப் பார்த்துவிட்டு, போய்க் கதவில் முதுகை அழுத்தி நின்றுகொண்டாள். அரை இருட்டில் அவர் தரையில் உட்கார்ந்து, துண்டை ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று ஓரம் விலகாமல் சுற்றி, நுனியை இழுத்து முடிச்சுப் போட்டார். போதாதென்று அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டு இறுக்கினார்.