அசோக் நகர் மேல் விழுந்த சிவப்பு

எங்கள் ஆபீஸ் அடையாறில். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சென்னை எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்று கணக்குப் போடுவது வேலை. அந்த வாயு காற்றில் ஏற்கெனவே நிறைந்து கிடப்பதால், பழையது எது, புதியது எது என்று மேலிருந்து பிரிப்பது கஷ்டம். அதே புகையில் கூடவே வரும் நைட்ரஜன் டை ஆக்சைடோ சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். கண்ணில் பட்டால், அது இப்போது கிளம்பியது. அதைப் பிடித்து மற்றதைக் கணக்கிடுவோம். தாளிப்பு வாசனையை வைத்து அடுப்பில் எவ்வளவு கொதிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான்.

கோடை நாட்களைச் சேர்த்துப் போட்ட படத்தில் மயிலாப்பூர் நீலம், அசோக் நகர் சிவப்பு. மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கும் என் மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா, புகையெல்லாம் உங்க ஏரியாதான். நாளைக்கு மீட்டிங்ல இதையே வெச்சிடலாம். அங்க ஷேர் ஆட்டோவைக் குறைச்சாலே போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அசோக் நகரில் ஷேர் ஆட்டோ ஓட்டித்தான் நைனா என்னைப் படிக்க வைத்தார். இன்றும் ஓட்டுகிறார். செயற்கைக்கோள் எங்கள் ஊரைக் கடப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில். அதற்குள் கடற்காற்று எழுந்து, கிழக்கே மயிலாப்பூர்ப் பக்கம் கிளம்பிய புகையை மேற்கே எங்கள் பக்கம் தள்ளியிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"வாசனை எங்க வீட்டுக்கு வந்துச்சுன்னா, சாம்பார் எங்க வீட்லதான் கொதிச்சுதா சார்?"

"அப்பாவோட ஆட்டோவுக்காகப் பேசறியா?"

"ஆமா சார். கணக்குக்காகவும்தான்."

கடற்காற்று வராமல் மேற்குக் காற்றே அடித்த நாட்களின் படங்களை அன்று மாலை பொறுக்கி எடுத்தேன். சிவப்பு மயிலாப்பூரைத் தாண்டிக் கடல் மேல் போய் உட்கார்ந்திருந்தது. மறுநாள் கூட்டத்தில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன்.

"கடல் மேல ஷேர் ஆட்டோ ஓடுதா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. காற்றைக் கணக்கில் சேர்க்காமல் அறிக்கையை அனுப்புவதானால் அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். மேலதிகாரி அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் காற்றைச் சேர்த்துப் போட்ட கணக்குத்தான் போனது. தி. நகர், மயிலாப்பூர், அடையாறு, எங்கள் ஏரியா என்று சிவப்பு எல்லோர் தலையிலும் விழுந்தது. ஆட்டோவைக் குறைக்கும் பேச்சு அதோடு நின்றது.

வீட்டில் இதைச் சொன்னதும் நைனா கேட்டார்: "இன்னாம்மா, அப்போ நம்ம ஆட்டோ புகை அதுல இல்லியா?"

"கீது நைனா. நம்ம பங்கு மட்டும் கீது."

"அது போதும்" என்றார்.